லண்டன் நாற்காலி

நான் ஓய்வு பெற்ற ஆய்வுக் கழகத்திலிருந்து போன மாதம் கூப்பிட்டிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு புதிய பயிற்சி முறையை வாங்கியிருக்கிறார்களாம், நான் வந்து தொடங்கிவைக்க வேண்டுமாம். போனேன். நீள மேஜை, ஒவ்வோர் இடத்திலும் ஒரு நாட்டின் பெயர் எழுதிய அட்டை. இளம் ஆய்வாளர்கள் தங்களுக்கு வாய்த்த நாட்டின் சார்பில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே சிரிப்பு. ஒரு பையன் வல்லரசாக இருந்துகொண்டே கறிபஃப் தின்றான்.

பிரிவின் தலைவி மாலினி எனக்கு விளக்கினாள். நல்ல பெண், கெட்டிக்காரி.

"ரொம்ப நியூ மெத்தட் மேடம். நம்ம எதிராளி சீட்ல உக்காந்து, அவங்க மாதிரியே யோசிச்சுப் பேசணும் லா."

"புதுசா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. எனக்குப் பொறுமை எப்போதும் கொஞ்சம் குறைவு.

"ஏன் மேடம், உங்க டைம்லயே இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஜப்பான்காரன் காலத்துலயே இருந்துச்சு. ஒரு மனுசனோட உயிரு அதுல ஊசலாடுச்சு."

கறிபஃப் தின்ற பையன் மெல்லுவதை நிறுத்தினான். அதை எழுதித் தாருங்கள் என்று மாலினி கேட்டாள். தோ பாயோ வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது, இப்போது கற்றுக்கொள்ளும் வயதும் இல்லை.

என் தொழில் வெளியுறவுக் கொள்கை ஆய்வு. போர் முடிந்ததும் விட்ட படிப்பைத் தொடர்ந்தேன். உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்தில் சில ஆண்டுகள், திரும்பி வந்து பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை, பிறகு இந்தக் கழகம். முறைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. நான் எழுதிய நூல்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வந்தன. தவறு செய்துவிட்டோம் என்று தெரிந்த ஓர் அரசு, அதை ஒப்புக்கொள்ளாமலே எப்படிப் பின்வாங்குகிறது? அதற்கு எதிர்த்தரப்பு என்ன இடம் கொடுக்க வேண்டும்? இந்த அம்மாளுக்கு ஒரே பாட்டுத்தான் தெரியும் என்று ஒருவர் மதிப்புரையில் கேலி செய்திருந்தார். ஆமாம், ஒரே பாட்டுத்தான். எங்கே கற்றாய் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

ஜப்பான்காரர்கள் சிங்கப்பூருக்குச் சியோனான் என்று பெயர் மாற்றி, கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்த காலம். என் அப்பாவுக்குச் சிராங்கூன் ரோட்டில் மாவு மில் இருந்தது. அரைக்க அரிசியும் இல்லை, மிளகாயும் இல்லை, மரவள்ளிக்கிழங்கு மாவுதான். கான்வென்ட்டில் கடைசி வகுப்போடு என் படிப்பு நின்றிருந்தது. வீட்டில் சும்மா இருந்த பெண்கள் எங்கே அனுப்பப்படுவார்களோ என்று ஒவ்வொரு வீட்டிலும் பயம். ஆபீஸ் வேலை இருந்தால் கையில் ஓர் அடையாளப் பட்டை, பாஸ், கொஞ்சம் அரிசி. அப்பா மனமில்லாமல்தான் அனுப்பினார்.

"குனிஞ்ச தலை நிமிராம போயிட்டு வா நாயகி. வாயை மட்டும் திறந்துடாத," என்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? என்னை வாய் திறக்கச் சொல்வதற்கென்றே அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

ஆற்றோரம் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று விட்டுப் போன கட்டடத்தின் மாடியில், ராணுவ நிர்வாகத்துக்கு அறிக்கை எழுதும் சின்னப் பிரிவு அது. தலைவர் மொரிகாவா. சீருடை போட்டிருந்தாலும் சிப்பாய் அல்ல, ஜப்பானில் ஒரு கல்லூரியில் பிரிட்டனின் வெளியுறவுக் கொள்கையைப் பாடமாக நடத்தியவர். வானொலிச் செய்திகளின் சுருக்கம் ஒவ்வொரு நாளும் அவர் மேஜைக்கு வரும். எதிரி அடுத்து என்ன செய்வான் என்று அவர் மேலே எழுதி அனுப்ப வேண்டும்.

அதற்கு அவர் வைத்திருந்த முறைதான் மாலினியின் புது மெத்தட். புதன்கிழமை காலையில் மேஜையைச் சுற்றி நாற்காலிகள் போடப்படும். ஒன்று லண்டன், ஒன்று டெல்லி, ஒன்று சீன அரசு அப்போது இருந்த சுங்கிங். உட்கார்ந்தால் அந்த நாடாகவே ஆகிவிட வேண்டும். 'நாங்கள்' என்றுதான் பேச வேண்டும். 'அவர்கள்' என்று வாய் தவறிச் சொன்னால் மொரிகாவா பென்சிலால் மேஜையைத் தட்டுவார், முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீ என்ன நினைக்கிறாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் கேள்வி ஒன்றுதான்: "உனக்கு என்ன வேண்டும்?"

இன்னொரு கட்டாயமும் உண்டு. முடிந்ததும் எழுந்து, குனிந்து வணங்கி, அவரவர் சொந்தப் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். சொல்கிறவரை எழுந்து நின்றாலும் நீ லண்டன்தான், டெல்லிதான். ஒருமுறை சுங்கிங்காக இருந்த சீனர் பெயர் சொல்ல மறந்து தண்ணீர் குடிக்கப் போனார். மொரிகாவா அவரைச் சுங்கிங் என்றே கூப்பிட்டு, பெயர் சொல்லும்வரை வேறு பேச்சே பேசவில்லை. விளையாட்டா என்றால் இல்லை, அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எதிரியை உள்ளே கூப்பிட்டால் வெளியே அனுப்பவும் தெரிய வேண்டும் என்பார்.

நான் டெல்லி. லண்டன் யார் என்றால் கனகசபை.

கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர். போருக்கு முன் செம்பவாங் கடற்படைத் தளத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். நெற்றியில் திருநீறு, கஞ்சி போடாவிட்டாலும் மடிப்புக் கலையாத சட்டை. சாதாரணமாக வாயே திறக்கமாட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். கழுத்து நிமிரும், ஆங்கிலம் அருவியாகக் கொட்டும். தெருவில் ஆங்கிலம் பேசினால் அறை விழுந்த காலம் அது. அந்த ஓர் அறையில் மட்டும், ஜப்பான்காரரின் உத்தரவின்பேரில், அவர் குரலை உயர்த்தி ஆங்கிலம் பேசலாம்.

"என்னண்ணே, உங்களைப் பாத்தா எனக்கே பயமாயிருக்கு. நிஜமாவே அங்கேர்ந்து வந்தவர் மாதிரி பேசறீங்க," என்று ஒருநாள் சீண்டினேன்.

"பிள்ளை, அத்தினை வருசம் அவங்கட கடிதங்களை டைப் அடிச்சனான். அவங்கள் எப்பிடி யோசிப்பாங்கள் எண்டு எனக்குத் தெரியாதோ?" என்று கூச்சத்தோடு சிரித்தார்.

அப்படி ஒரு புதன்கிழமைதான் அது நடந்தது. பர்மா எல்லையைப் பற்றிப் பேச்சு. உனக்கு என்ன வேண்டும் என்று மொரிகாவா கேட்டார். கனகசபை மேஜையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"எங்கள் துறைமுகம் எங்களுக்கு வேண்டும். மழை முடியட்டும், பர்மா வழியாகத் திரும்பி வருவோம். சிங்கப்பூரை விட்டுக்கொடுத்துவிட்டு உலகத்தின் முன்னால் நாங்கள் நிற்க முடியாது."

கதவு திறந்தது. ராணுவப் போலீஸ் கேப்டன் ஒருவர், கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர். வேறு வேலையாகக் கட்டடத்துக்கு வந்தவர், மாடிப்படியில் ஆங்கிலச் சத்தம் கேட்டு ஏறி வந்திருக்கிறார். எல்லாரும் துள்ளி எழுந்து குனிந்தோம். மொழிபெயர்ப்பாளர் கடைசி வாக்கியத்தை அவர் காதில் சொன்னார். கேப்டன் நேராகக் கனகசபையிடம் போனார்.

"நீ யார்?"

கனகசபை எழுந்து நின்றார், குனிந்தார். ஆனால் பெயரை இன்னும் சொல்லவில்லையே! வாரா வாரம் பழகிய பழக்கம், பயத்தில் யோசிக்கவிடாமல் முந்திக்கொண்டது.

"லண்டன்," என்றார்.

அப்புறம் நடந்ததை விவரிக்க எனக்கு இப்போதும் மனம் வரவில்லை. அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். கையெழுத்து வாங்கி விளக்கம் கேட்கிற வழக்கமெல்லாம் அவர்களிடம் இல்லை. போனவர்கள் திரும்பியது அபூர்வம். அதிலும் கனகசபை பிரிட்டிஷ் தளத்தில் வேலை பார்த்தவர். உளவாளி என்று சொல்ல வேறென்ன வேண்டும்?

அன்று மத்தியானம் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சிவபாக்கியம் அக்கா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ர மனுசன் ஒரு பூச்சியையும் அடிக்க மாட்டார் பிள்ளை. என்ன செய்தவர் எண்டு பிடிச்சவங்கள்?"

என்ன சொல்வேன்? அவர் தன் வேலையை நன்றாகச் செய்தார் அக்கா, அதுதான் குற்றம். அதை அவளிடம் சொல்லாமலே கையை விடுவித்துக்கொண்டேன். நேராக ஆபீஸுக்குத் திரும்பினேன். மொரிகாவா தனியாக உட்கார்ந்திருந்தார். மேலதிகாரி முன்னால் உட்காரக்கூடாது, குரல் உயர்த்தக்கூடாது. இரண்டையும் செய்தேன்.

"அது உங்கள் உத்தரவு சார். அவர் எழுந்தவுடன் பெயர் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். லண்டனாக இரு என்று நீங்கள்தான் பழக்கினீர்கள். போய்ச் சொல்லுங்கள்."

"சொன்னேன். தொலைபேசியில் சொன்னேன்," என்றார். "கேப்டன் நம்பவில்லை. எதிரியைப் போலப் பேசச் சொல்லி ஒரு ஜப்பானியன் உத்தரவிடுவானா என்று கேட்கிறார். இன்னொரு முறை கேட்டால் என்னையும் சந்தேகிப்பார்."

பயந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படியானால் இத்தனை நாள் இந்த மேஜையில் நாங்கள் கூத்தா கட்டினோம்?" என்று கேட்டேன். இளரத்தம், வேறென்ன? அவர் நினைத்திருந்தால் என்னையும் அனுப்பியிருக்கலாம்.

மொரிகாவா எழுந்து சுவரோரம் இருந்த ஒரு நாற்காலியை இழுத்து மேஜையருகே போட்டார். உட்கார் என்று கை காட்டினார்.

"நீ இப்போது அந்தக் கேப்டன். உனக்கு என்ன வேண்டும்?"

சற்று முன் கனகசபையின் வாயில் ரத்தம் வரவைத்தவனாக நான் உட்கார வேண்டுமா? மாட்டேன் என்றேன். அவர் பென்சிலால் மேஜையைத் தட்டினார். உட்கார்ந்தேன்.

"அவனுக்கு ஒரு உளவாளி…"

பென்சில் தட்டியது.

"எனக்கு," என்று திருத்திக்கொண்டேன். "நான் உளவாளியைப் பிடித்துவிட்டதாக மேலே சொல்லியாயிற்று. இப்போது இல்லை என்றால் என் மானம் போகும். அந்த ஆள் குற்றவாளியா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை. நான் அந்த மாடிக்கு ஏறியது வீணில்லை என்று ஆக வேண்டும்."

சொல்லி முடித்ததும் எனக்கே திக்கென்றது. இவ்வளவு நேரமும் கனகசபை நிரபராதி என்று நிரூபிக்கத்தான் நாங்கள் முட்டிக்கொண்டிருந்தோம். அவர் நிரபராதி என்று எவ்வளவு அழுத்திச் சொல்கிறோமோ, அவ்வளவுக்குக் கேப்டன் முட்டாளாகிறார். எப்படி விடுவார்?

"எழுந்து பெயர் சொல்," என்றார் மொரிகாவா. சொன்னேன். "சரி, நாயகி-சான். அவருக்கு ஒரு வெற்றி கொடுக்க வேண்டும். நம்மிடம் கொடுக்க என்ன இருக்கிறது?"

இருவரும் மேஜையைப் பார்த்தோம். அந்த நாற்காலிகளைத் தவிர எங்களிடம் ஒன்றும் இல்லை.

அவர் மறுபடி கேப்டனைக் கூப்பிட்டார். இந்த முறை கைதியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எங்கள் பிரிவின் வேலைமுறையில் ஆபத்து இருக்கலாம் என்று தோன்றுகிறது, தாங்கள் வந்து சோதித்து ஆலோசனை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கேப்டன் வந்தார்.

லண்டன் நாற்காலி காலியாக இருந்தது. மொரிகாவா என்னைப் பார்த்தார். சுங்கிங்காக இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார், அவரைக் குறை சொல்லமாட்டேன். ஏற்கெனவே அவர் தம்பியை லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நான் போய் உட்கார்ந்தேன்.

பர்மாவைப் பற்றிக் கேட்டார் மொரிகாவா. கனகசபை சொன்னதையே சொன்னேன். கேப்டன் என் பின்னால் நடந்துகொண்டிருந்தார், பூட்ஸ் சத்தம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. அவர் கேள்வி மொழிபெயர்ப்பாளர் வாய் வழியாக வந்தது.

"நீ யார்?"

என் பெயரைச் சொன்னால் நான் பிழைப்பேன். ஆனால் பெயர் சொல்லிவிட்டால், அன்று கனகசபை லண்டன் என்று சொன்னது அவர் மனதிலிருந்து வந்ததாகிவிடும். அப்புறம் அவரைக் காப்பாற்ற ஆண்டவனாலும் முடியாது. அப்பா, வாயைத் திறந்துவிட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"லண்டன்."

கேப்டன் என் முன்னால் வந்து நின்றார். மேஜைமேல் வாளை வைத்தார். "மறுபடியும் கேட்கிறார். நீ யார்?"

"லண்டன்."

"சியோனானுக்கு எப்போது வருவாய்?"

"அதை எதிரியிடம் சொல்ல மாட்டோம்."

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். இதை எப்படிச் சொல்வது என்பது போல மொரிகாவாவைப் பார்த்தார். சொல் என்று அவர் தலையசைத்தார். சொன்னார். கேப்டன் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கால் ஒரு சத்தம் விட்டார். சிரிப்பா, செருமலா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பென்சில் மேஜையில் தட்டியது. எழுந்தேன், குனிந்தேன். "என் பெயர் தையல்நாயகி. சிராங்கூன் ரோடு மாவு மில் சுப்பையாவின் மகள்," என்றேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

மொரிகாவா கேப்டன் முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் புரிந்தது இவ்வளவுதான்: இந்த முறையில் பழகுகிறவனுக்குத் தான் யார் என்பதே மறந்துபோகிறது, தாங்களே பார்த்தீர்கள். ஒரு குமாஸ்தா அப்படித்தான் மறந்தான். இந்த ஆபத்தைத் தாங்கள் கண்டுபிடிக்காவிட்டால் பிரிவே கெட்டிருக்கும். தயவுசெய்து இதைத் தடை செய்து உத்தரவிட வேண்டும்.

கேப்டன் உத்தரவிட்டார். அங்கேயே, அந்த நிமிடமே. முகத்தில் அப்படியொரு திருப்தி. சிப்பாய்கள் நாற்காலிகளைக் கீழே கொண்டுபோனார்கள். கனகசபையை அந்த வாரக் கடைசியில் விட்டார்கள். உயிரோடு விட்டார்கள். நான் கழிப்பறைக்குப் போய் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன்.

மொரிகாவா நல்லவரா என்று மாலினி கேட்பாள். என்ன பதில் சொல்வது? இந்த ஊரில் சீனர்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்டதும், எங்கள் ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனதும் அவர் சேவை செய்த அரசுதான். அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். ஆனாலும் அன்று அவர் தனக்குப் பிரியமான ஒரே பொருளைக் கொடுத்து ஓர் உயிரை மீட்டார். பிறகு அவரை வேறெங்கோ மாற்றினார்கள். அவர் ஏறிய கப்பல் போய்ச் சேர்ந்ததா என்பதுகூடத் தெரியாது.

நாற்காலிகள் போன பிறகு எங்கள் அறையில் எதிரி இல்லை. அறிக்கைகள் இனித்தன. எல்லா முனையிலும் வெற்றி, எதிரி சோர்ந்துவிட்டான், மக்கள் மகிழ்ச்சி. நானே டைப் அடித்தேன். பர்மாவில் நிலைமை தலைகீழானபோது எங்கள் பிரிவிலிருந்து ஒரு வரி எச்சரிக்கைகூட மேலே போனதில்லை. எச்சரிக்கக் கூடியவரின் வாயைத்தான் அடைத்துவிட்டார்களே!

பல ஆண்டுகள் கழித்து, அண்டை நாட்டோடு உரசல் இருந்த நேரத்தில், ஒரு கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கெடு வைக்க வேண்டும், பணிய வைக்க வேண்டும் என்று ஆளாளுக்கு மேஜையைக் குத்தினார்கள். "பணிஞ்சிட்டு அந்த நாட்டுத் தலைவர் தன் ஊர்ல போய் என்னன்னு சொல்லுவாரு? அதை யாராவது யோசிச்சீங்களா?" என்று கேட்டேன். "மேடம், நீங்க யார் பக்கம்?" என்றார் ஓர் அதிகாரி. "இந்த நிமிஷம் அவர் பக்கம்," என்றேன். அறையில் பாதிப் பேர் முறைத்தார்கள். முறைக்கட்டும். இந்த நாட்டில் அதற்காக யாரும் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை, அந்த அருமை இளையவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கனகசபையைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது.

அவர் வேலைக்குத் திரும்பினார். வலது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை. காகிதங்களை அடுக்கிவைக்கும் வேலை கொடுத்தார்கள். ஒரு வார்த்தை ஆங்கிலம் அவர் வாயிலிருந்து வரவில்லை. அது மட்டுமா, நாளை என்கிற பேச்சையே விட்டுவிட்டார். வானம் இருட்டிக்கொண்டு வரும். "மழை வருமாண்ணே?" என்று கேட்பேன். "எனக்குத் தெரியாது பிள்ளை," என்பார். மழை அவர் தோளில் விழுந்துகொண்டிருந்தாலும் அதே பதில்தான். முதலில் சிரித்தேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

ஜப்பான் சரணடைந்து, பிரிட்டிஷ் கப்பல்கள் துறைமுகத்துக்கு வந்த அன்று சிராங்கூன் ரோடே தெருவில் நின்றது. எங்கே ஒளித்து வைத்திருந்தார்களோ, வீட்டுக்கு வீடு கொடி. முன்பின் தெரியாதவர்கள் கட்டிக்கொண்டார்கள். நான் கூட்டத்தில் முட்டி மோதி ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு ஓடினேன். எனக்கு வேறு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. உலகத்திலேயே இதை முதலில் சொன்ன மனிதர் அவர், அதற்காக அடி வாங்கிய மனிதர்.

அந்தத் தெருவில் அவர் வீடு மட்டும் சாத்தியிருந்தது. சிவபாக்கியம் அக்கா ஒருக்களித்துத் திறந்தாள். கனகசபை உள்ளே சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். ஆரவாரம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

"அண்ணே, வந்துட்டாங்க! நீங்க சொன்னபடியே வந்துட்டாங்க!"

அவர் எழுந்து போய் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாளை அந்த மடங்காத விரல்களால் தள்ளிப் பார்த்தார். அது நகரவில்லை, நான் போய்ப் போட்டேன்.

"கண்ணால கண்டனீரோ?"

"பாத்தேண்ணே. ஹார்பர்ல கப்பல் நிக்குது. சத்தியமா."

என் பக்கத்தில் வந்து, சுவருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்:

"கண்டதோட விடும் பிள்ளை. ஆரிட்டையும் சொல்லாதேயும்."